முசேவுக்குத் தமிழ் தெரியாது

பிப்ரவரி 2

இன்று கடைவீதியில் ஒரு மரக்கரண்டி, ஒரு சிவப்புக் கரண்டி, இரண்டு பிளாஸ்டிக் தட்டு, துணியில் தைத்த ஒரு தக்காளி வாங்கினேன். கடைக்காரர் குழந்தைக்கு என்ன வயது என்று கேட்டார். எனக்குத்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. எனக்கு முப்பத்தொன்பது.

ஓட்டல் வேலைக்குப் போகும் பையன்களுக்கு இத்தனை வருடம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பொங்கலோடு அந்த வகுப்பை மூடிவிட்டார்கள். இனி என் மாணவர்கள் பால் பல் விழாதவர்கள்.

முதல் மாணவி முத்தியால்பேட்டையில். பெயர் எழிலி, நாலேகால் வயது. அவளுடைய அப்பாவுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. பாரீசுக்கு வெளியே ஓர் ஊரில் வேன் ஓட்டுகிறார். அம்மா சுகந்தியும் அங்கே போய் இரண்டு வருடம். குழந்தையின் காகிதங்கள் இப்போதுதான் சரியாகியிருக்கின்றன. மே மாதக் கடைசியில் அப்பா வந்து அழைத்துப் போவார். அதுவரை அத்தை வீட்டில். அத்தை வேதவல்லி என்பவர் ரவிக்கை தைக்கிறார். முன்னறையில் மிஷின், உள்ளறையில் குழந்தை.

சுகந்தி போனில் பேசினார். "சார், நான் இங்க வந்த புதுசுல தண்ணி கேக்கக்கூடத் தெரியாம ஊமையா நின்னேன். எம் பொண்ணு கிளாஸ்ல அப்படி நிக்கக் கூடாது. வேற எதுவும் வேணாம்."

குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததால் அத்தையிடம் என் முறையை விளக்கினேன். எனக்குத் தமிழ் தெரியாது என்று குழந்தை நம்ப வேண்டும். தெரியும் என்று தெரிந்துவிட்டால் எந்தக் குழந்தையும் சிரமப்பட்டு இன்னொரு மொழியில் பேசாது. ஆகவே அவள் எதிரில் நான் ஒரு வார்த்தை தமிழ் பேச மாட்டேன்.

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பேரு தட்சிணாமூர்த்தி. நெத்தியில இவ்ளோ பெரிய விபூதி. தமிழ் தெரியாதுன்னா யாரு சார் நம்புவா?"

"நாலு வயசுக் குழந்தை நம்பும்."

"விபூதியத் தொடச்சிட்டு வாங்க. நானும் நம்பறேன்."

பிப்ரவரி 4

விபூதி இல்லாமல் போனேன். நெற்றி காலியாக இருந்தது.

முதல் வகுப்பு. எழிலி, ரவிக்கைத் துணியின் வெட்டுத் துண்டுகளில் அத்தை தைத்துக் கொடுத்த பொம்மை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொம்மையின் பெயர் சிட்டு. நான் போன்ழூர் என்று வணக்கம் சொன்னேன். சிட்டுவுக்கும் ஒரு போன்ழூர் சொன்னேன். இருவரும் பதில் சொல்லவில்லை.

"அத்த, இவரு ஏன் இப்படிப் பேசறாரு?"

"இவரு முசே. பிரெஞ்சுல சார்னா முசே. இவருக்குத் தமிழ் தெரியாது."

"ஏன் தெரியாது? நம்ம ஊரு மாதிரிதானே இருக்காரு."

இதற்கு நான் பதில் எதுவும் தயார் செய்து வைக்கவில்லை. வேதவல்லி அம்மாள் பல்லால் நூலைக் கடித்தபடி, "முன்ன தெரியும்டி. பிரெஞ்சு படிச்சாரு இல்ல, தமிழ் மறந்துபோச்சு" என்றார்.

சட்டென்று வந்த நல்ல பதில். குழந்தையும் அதற்கு மேல் கேட்கவில்லை. மிகவும் திருப்தி.

பிறகு அதே அம்மாள், நான் தட்டும் கரண்டியுமாக மும்முரமாக இருக்கும்போது, என் காதில் விழும்படி, "முசேக்கு ரெண்டாவது பொத்தான் இல்ல பாரு. நூல்தான் தொங்குது. தமிழ் தெரிஞ்சா சொல்லலாம். பாவம், தெரியாதே" என்றார். நான் தக்காளியைக் காட்டிப் புன்னகை செய்தேன். வேறு என்ன செய்ய முடியும்?

பிப்ரவரி 11

எழிலிக்கு எல்லாம் புரிகிறது. சிவப்புக் கரண்டி கேட்டால் சிவப்புக் கரண்டி வருகிறது. கதவைச் சாத்தச் சொன்னால் சாத்துகிறாள். தண்ணீரை 'லோ' என்று சொல்லி டம்ளரில் ஊற்றிக் காட்டினேன், கவனமாகப் பார்த்தாள். ஆனால் வாயைத் திறப்பதில்லை. தாகம் எடுத்தால் எழுந்துபோய்ச் சமையலறைப் பானையில் தானே மொண்டு குடித்துவிட்டு வருகிறாள்.

பயப்படவில்லை. சின்னக் குழந்தைகள் புது மொழியை முதலில் காதால் சேர்த்துக்கொள்வார்கள், பேச நாளாகும் என்று படித்திருக்கிறேன்.

எழிலி வாய் திறக்காததை வேதவல்லி அம்மாளும் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். "முசே வேலை செய்யறாரு, நீ வாயில கொழுக்கட்டையோட உக்காந்திருக்க. யாருக்கு யாரு கிளாஸ் எடுக்கறாங்கன்னே தெரியல."

பிப்ரவரி 14

தள்ளுபடி விற்பனை. இரண்டு சட்டைகள் வாங்கினேன். பழையவை உண்மையாகவே பழையவை. வேறு காரணம் இல்லை.

பிப்ரவரி 16

நீலச் சட்டை. அந்த அம்மாள் குழந்தையிடம், "முசேக்குப் புதுச் சட்டை. காலர் கொஞ்சம் பெருசு. உள்ள இன்னொரு முசே ஒளிஞ்சிக்கலாம்" என்றார். எழிலி சிரித்தாள். நான் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாத முகத்தை வைத்துக்கொண்டேன். அந்த முகம் வைப்பதில் இப்போது நல்ல தேர்ச்சி.

பிப்ரவரி 22

ஞாயிறு. சுகந்தி போன் செய்தார். வீடியோ காலில் எழிலி இப்போதெல்லாம் அவரிடம் பேசுவதில்லையாம். முன்பு சாப்பிட்டது, தூங்கியது, பல்லி விழுந்தது எல்லாம் சொல்லுவாள். போன வாரம் சுகந்தி பழக்க தோஷத்தில் நடுவே ஒரு பிரெஞ்சு வார்த்தை போட்டுப் பேசினார். குழந்தை அவர் முகத்தின் மேல் கையை வைத்து மறைத்துவிட்டுப் போய்விட்டாள்.

"வெக்கமா இருக்கும்" என்றேன். எனக்கே அது சரியான பதிலாகத் தோன்றவில்லை.

மார்ச் 3

மாசி மகம். வைத்திக்குப்பம் கடற்கரையில் எல்லா ஊர்ச் சாமிகளும் தீர்த்தவாரிக்கு வந்து வரிசையாக நின்றன. வகுப்பு இல்லாத நாள் என்பதால் நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு போனேன்.

மாங்காய்ப் பத்தை விற்கும் பெண்ணிடம், "மிளகாய்த்தூளைத் தாராளமா போடும்மா, உங்க வீட்டு நகையா அது?" என்று பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். எழிலி. அவளுக்குப் பின்னால் அவள் அத்தை.

அந்த நொடியில் நான் செய்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. மாங்காய்ப் பெண்ணைப் பார்த்து, "மெர்சி, மதாம்" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னேன்.

அந்தப் பெண் கரண்டியோடு அப்படியே நின்றாள். "இவ்ளோ நேரம் நல்லாதானே பேசிக்கினு இருந்தாரு, என்னா ஆச்சு இவருக்கு?"

"வெயில்" என்றார் வேதவல்லி. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு திரும்பி நின்றார். தோள் மட்டும் குலுங்கியது.

நல்ல வேளையாக மேளச் சத்தத்தில் குழந்தைக்கு எதுவும் கேட்கவில்லை. அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, கடைக்கு முன்னால் வந்து நின்று, பெரிய மனுஷியாகப் பேசினாள். "அக்கா, முசேக்குத் தமிழ் தெரியாது. அவருக்கு மாங்கா வேணும். காரம் போடாதீங்க. அவருக்கு ஆவாது."

கடலைப் பார்த்துக்கொண்டு உப்புகூடச் சரியாக இல்லாத மாங்காயைத் தின்றேன். எழிலி கூட்டத்தில் நான் தொலைந்துவிடக் கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். சாமி கிளம்பும் வரை விடவில்லை.

மார்ச் 5

இன்று புது விஷயம். எழிலி எனக்குத் தமிழ் சொல்லித்தர ஆரம்பித்திருக்கிறாள்.

டம்ளரை எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டி, "தண்ணி" என்றாள். மெதுவாக, உதட்டைக் காட்டி, மூன்று தடவை. நான் செய்வது போலவே. நான் முறையை விட முடியாது. 'லோ' என்றேன். "இல்ல முசே. தண்ணி." 'லோ' என்றேன்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, காய்ச்சல் வந்தவரைத் தொட்டுப் பார்ப்பது போல என் நெற்றியைத் தொட்டாள்.

மார்ச் 17

பேச்சில்லை. எழிலி வாயிலிருந்து ஒரு பிரெஞ்சு வார்த்தைகூட இல்லை.

வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு வேதவல்லி போன் செய்தார். கேலி எதுவும் இல்லாமல் பேசினார். "சார், உங்க மேல குத்தம் சொல்லல. நீங்க வர்றதுக்கு முன்ன அவ அவங்கம்மாகிட்ட பேசிட்டுதான் இருந்தா. இப்ப போனைப் பாத்தாலே கட்டில் கீழப் போயிடறா. சுகந்தி அழுவுது. பிரெஞ்சு வராட்டிப் போவுது, பெத்தவகிட்ட பேசாத பிள்ளைய எப்படி அனுப்பறது? இந்த மாசத்தோட நிறுத்திக்கலாமான்னு கேக்குது."

இன்னும் ஒரு வாரம் கொடுங்கள் என்றேன். என் முறையின் மேல் நம்பிக்கை இருந்ததால் கேட்டேன் என்று எழுத நினைக்கிறேன். அது முழு உண்மை இல்லை. அந்த வீட்டுக்குப் போகாத சாயங்காலம் எனக்குப் பிடிக்காது.

மார்ச் 23

இதை ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

நான் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். எழிலி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சிட்டுவிடம் பேசிக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தவில்லை. எதற்குத் தாழ்த்த வேண்டும், முசேவுக்குத்தான் தமிழ் தெரியாதே.

"சிட்டு, முசே சொல்றதையெல்லாம் காதுல போட்டுக்கோ, பரவால்ல. வாயில மட்டும் போட்டுக்காத. வாயில போட்டா தமிழ் வெளிய போயிடும். முசேக்கு எல்லாமே போயிடுச்சு பாரு. மாங்காகூட வாங்கத் தெரில. நான் சொல்லிக் குடுத்தாலும் திரும்ப வர மாட்டேங்குது. அம்மாக்கும் கொஞ்சம் கொஞ்சமா போவுது. எனக்கும் போயிடுச்சுன்னா அத்தகிட்ட யாரு பேசுவா? அத்தைக்குப் பிரெஞ்சு தெரியாது. அத்த தனியா இருக்கும்."

முன்னறையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நின்றது. அதற்குப் பிறகு ஓடவில்லை.

நான் சிவப்புக் கரண்டி எங்கே என்று பிரெஞ்சில் கேட்டேன். எழிலி எழுந்து கரண்டியைக் கொண்டுவந்து கையில் வைத்தாள்.

வெளியே வரும்போது வேதவல்லி தலை நிமிரவில்லை. மடியில் பாதி தைத்த ரவிக்கை. சட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 24

காலையிலேயே வேதவல்லியின் போன்.

"நான்தான் சார் அந்த வார்த்தைய விட்டேன். நூல் கடிக்கற நேரத்துல வாயில வந்ததைச் சொன்னேன். அவ ரெண்டு மாசமா அதைச் சுமந்துக்கினு இருக்கா. ராத்திரியே சொல்லிப் பாத்தேன், அத்த சும்மா சொன்னேன்டா, யாருக்கும் எதுவும் மறக்காதுன்னு. நம்பல. 'அப்ப முசேக்கு ஏன் மறந்துச்சு?'ன்னு கேக்கறா. நான் என்னா பதில் சொல்ல?"

அவள் கண்ணெதிரில் சாட்சியாக வாரத்தில் நான்கு நாள் உட்கார்ந்திருப்பவன் நான். விபூதியை வேறு துடைத்துக்கொண்டு.

புது வகுப்புகளுக்கு விளம்பரத் தாள் ஒன்று எழுதி வைத்திருந்தேன். 'ஒரு சொல் தமிழ் இல்லாமல்' என்று தலைப்பு. அதைக் கிழித்தேன். கிழித்த பிறகு, அச்சுக்குக் கொடுக்காமல் இருந்தது நல்லது என்று தோன்றியது.

"எனக்குத் தமிழ் தெரியும்னு நேரா சொல்லிடவா?" என்று கேட்டேன்.

வேதவல்லி யோசித்தார். "சொன்னா, முசே இத்தனை நாள் பொய் சொன்னாருன்னு ஆவும். உங்க கையப் புடிச்சிக்கினு நின்னவ சார் அவ." பிறகு, "அவதான் சொல்லித்தர ரெடியா இருக்காளே. கத்துக்குங்களேன்" என்றார்.

மார்ச் 25

டம்ளரை எடுத்து நானே எழிலியின் எதிரில் வைத்தேன். அவளைப் பார்த்தேன். நெற்றியைச் சுருக்கினேன். தொண்டையைக் கனைத்தேன். இத்தனை வருடம் பேசிய மொழியில் ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு உண்மையிலேயே வியர்த்தது.

"த… தண்ணி" என்றேன்.

எழிலி சிட்டுவைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றாள். "அத்த," என்று கூப்பிட்டாள். கத்தவில்லை, மெதுவாகத்தான். சத்தம் போட்டால் அந்தச் சொல் பயந்து ஓடிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. "அத்த, முசேக்கு ஒண்ணு திரும்ப வந்துடுச்சு."

மார்ச் 31

நான் மாணவன். ஆசிரியை கண்டிப்பானவர். கரண்டி, தட்டு, சோறு, பல்லி. சரியாகச் சொன்னால் கையைத் தட்டுகிறார். தப்பாகச் சொன்னால் கோபப்படாமல் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். 'வாழைப்பழம்' எனக்கு வரவே இல்லை. 'வாலப்பலம்' என்று ஐந்தாறு தடவை சொன்னேன். "பரவால்ல முசே, நாளைக்கு வரும்" என்று முதுகில் தட்டினாள். என் பழைய மாணவர்களிடம் நான் ஒரு நாளும் சொல்லாத வாக்கியம்.

வேதவல்லி மிஷினிலிருந்து, "எத்தனை வருஷமா பேசிக்கினு இருந்தவங்களுக்கே அந்த 'ழ' வராது. முசே என்னா பண்ணுவாரு" என்றார். கேலி திரும்பிவிட்டது. அப்பாடா.

ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்கும் பக்கத்திலேயே பிரெஞ்சுச் சொல்லையும் சொல்லுகிறேன். தண்ணி, லோ. லோ, தண்ணி. எழிலி என் வாயையே பார்க்கிறாள். மறுநாள் போனதும் முதல் வேலை பரிசோதனைதான். "நேத்து சொன்னது இருக்கா?" இருக்கிறது என்று தலையாட்டிச் சொல்லிக் காட்ட வேண்டும்.

ஏப்ரல் 6

சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்துவிட்டது. தானாகத்தான் அறுந்தது. வேதவல்லி தைத்துக் கொடுத்தார்.

ஏப்ரல் 9

இன்னொரு பொத்தான். வேதவல்லி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நூல் பிஞ்சா மாதிரி இல்லையே, பிளேடு போட்டா மாதிரி இல்ல இருக்குது" என்று குழந்தையிடம் சொன்னார். அந்த வாக்கியம் இன்னும் நான் படிக்காத பாடம். புரியவில்லை என்று நின்றேன்.

ஏப்ரல் 14

சித்திரை முதல் நாள். வகுப்பு இல்லை, ஆனால் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம். பச்சடியைக் காட்டி எழிலி "காரம்" என்று எச்சரித்தாள். சாப்பிட்டு முடித்து அவள் பாடம் கேட்டாள். நான் எல்லாவற்றையும் ஒப்பித்தேன், தமிழிலும் பிரெஞ்சிலும் மாற்றி மாற்றி. வாழைப்பழம்கூட வந்துவிட்டது.

"எதுவும் போவலையா?"

"போவல" என்றேன்.

அவள் வெகுநேரம் யோசித்தாள். என் டம்ளர் காலியாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்ப் பானையில் மொண்டு, ததும்பத் ததும்பக் கொண்டுவந்து என் எதிரில் வைத்தாள். சிட்டுவின் காதைப் பொத்தினாள். பிறகு, "லோ" என்றாள்.

சுத்தமான உச்சரிப்பு. இரண்டு மாதமாக உள்ளே ஊறிக்கொண்டிருந்த சொல்.

நான் கை தட்டுவதற்குள் அவள் முன்னறைக்கு ஓடிவிட்டாள். வேதவல்லியின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். "தண்ணி. சோறு. ஊசி. நூலு. கத்திரி. பல்லி. சிட்டு. அத்த." நிறுத்தினாள். "அத்த, நான் பேசறது உனக்குப் புரியுதா?"

"புரியுதுடா."

"எல்லாம் இருக்கா?"

"எல்லாம் இருக்கு. ஒண்ணுகூடப் போவல." வேதவல்லி அவளைத் தூக்கி முகத்தைக் கழுத்தில் புதைத்துக்கொண்டார். நான் பாயசக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கண் கலங்கியது. பச்சடியின் காரம் என்று எழுதலாம், ஆனால் அதில் வெல்லம்தான் அதிகம்.

ஏப்ரல் 19

வீடியோ கால் நடந்தது என்று வேதவல்லி சொன்னார். எழிலி கட்டில் கீழே போகவில்லையாம். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அம்மா, பல்லி சொல்லு" என்றிருக்கிறாள். சுகந்தி சொன்னார். "ஊசி சொல்லு." சொன்னார். "வாழைப்பழம்." அதையும் சொன்னார். "அம்மாக்கு நிறைய மிச்சம் இருக்குது" என்று அத்தையிடம் தெரிவித்துவிட்டு, அதன் பிறகு பல்லி விழுந்த கதை, மாசி மகக் கதை, முசேவுக்கு மாங்காய் வாங்கிக் கொடுத்த கதை என்று நிறுத்தாமல் பேசினாளாம்.

வகுப்பை நிறுத்துவது பற்றி யாரும் பேசவில்லை.

மே 8

இப்போது அவளை நிறுத்துவதுதான் கஷ்டம். தண்ணீர் கேட்கிறாள், கழிவறைக்குப் போக வேண்டும் என்கிறாள், இது என்னுடையது, இடிக்காதே, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்கிறாள். ஒரு பள்ளிக்கூடத்தைச் சமாளிக்க இது போதும். ஒவ்வொரு நாளும் வகுப்பு முடிந்ததும் முன்னறைக்குப் போய் அத்தையிடம் நாலு வார்த்தை பேசிச் சரிபார்த்துவிட்டுத்தான் விளையாடப் போகிறாள்.

வேதவல்லி சொல்கிறார், "எனக்கே பத்து வார்த்தை வந்துடுச்சு. மீதி மிஷின் சத்தத்துல காதுல விழல."

மிஷினில் இப்போது வாடிக்கையாளர் துணி எதுவும் இல்லை. கவுன்கள். எல்லாம் எழிலிக்குப் பெரியவை. ஏன் என்று கேட்டேன். தமிழில்தான் கேட்டேன், அவ்வளவு தூரம் பாடம் வந்துவிட்டது. "அடுத்த வருஷத்துக்கும் ஆவணுமில்ல. அதுக்கும் அடுத்த வருஷத்துக்கும்" என்றார். அதற்குப் பிறகு அவர் கேலி செய்யவில்லை. நான் செய்து பார்த்தேன். எனக்கு அந்தத் தொழில் வராது.

மே 29

இன்று கிளம்பினார்கள். எழிலியின் அப்பா போன வாரமே வந்துவிட்டார். சென்னைக்குக் கார் வாசலில் நின்றது. நான் மரக்கரண்டியையும் தக்காளியையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். சிவப்புக் கரண்டியை நான் வைத்துக்கொண்டேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

அத்தையின் இடுப்பை விட்டு அவள் இறங்கவே இல்லை. பிறகு எதையோ நினைத்துக்கொண்டு இறங்கி வந்து, என்னைக் குனியச் சொன்னாள்.

"முசே, நான் ஊருக்குப் போறேன். இனிமே உனக்குக் கிளாஸ் எடுக்க முடியாது."

"சரி" என்றேன்.

"பேசாம இருந்தா திரும்பப் போயிடும். தினம் வந்து அத்தகிட்ட பேசு. மறக்காத. ஞாயித்துக்கெழமைகூட." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அங்க எனக்கு ஏதாவது போயிடுச்சுன்னா நீ போன்ல சொல்லிக் குடு. உனக்கு ஒரு வாட்டி போயித் திரும்ப வந்துச்சு இல்ல, உனக்குத்தான் தெரியும்."

சொல்லித்தருகிறேன் என்றேன். இந்தத் தொழிலில் இவ்வளவு பெரிய வாக்கை நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

கார் தெருமுனை திரும்பும் வரை வேதவல்லி கை ஆட்டிக்கொண்டிருந்தார். திரும்பிய பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. இப்போது தடை எதுவும் இல்லை, எல்லாத் தமிழும் பேசலாம். வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மே 30

போகவில்லை.

மே 31

ஞாயிறு. போகவில்லை. தெருமுனை வரை போனேன். மிஷின் சத்தம் கேட்கவில்லை.

ஜூன் 1

காலையில் சுகந்தியின் போனிலிருந்து எழிலி. விமானம் பற்றி, குளிர் பற்றி, அம்மா சமைத்த சோறு பற்றி எல்லாம் சொன்னாள். கீழ்வீட்டுப் பெண் ஒருத்தியிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாளாம், பிரெஞ்சில். தாகம் இல்லை, சும்மா கேட்டுப் பார்த்தாளாம். தமிழ் எல்லாம் அப்படியே இருக்கிறதாம்.

பிறகு, "முசே, அத்தகிட்ட கேட்டேன். நீ வரவே இல்லையாம்" என்றாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். பாடம் படிக்காமல் வரும் ஓட்டல் பையன்களிடம் நான் பேசிய குரல்.

சாயங்காலம் நான்கு மணிக்கு நெற்றியில் விபூதியோடு, பொத்தான்கள் எல்லாம் இருக்கும் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். முன்னறைக் கதவு திறந்திருந்தது. மிஷினுக்கு உறை போட்டிருந்தது. வேதவல்லி அதன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். நான் அவரைச் சும்மா உட்கார்ந்து பார்த்ததே இல்லை.

"என்னா சார், கிளாஸ்தான் முடிஞ்சிடுச்சே" என்றார்.

"வீட்டுப்பாடம் இருக்கு" என்றேன். "செய்யாததுக்குக் காலையில திட்டு விழுந்துச்சு."

"எனக்கும் விழுந்துச்சு." அவர் முகத்தில் மெல்ல அந்தப் பழைய சிரிப்பு வந்தது. "நான் உங்களைக் கூப்பிடலையாம்."

எழுந்து உள்ளே போனார். பானையில் மொள்ளும் சத்தம் கேட்டது. டம்ளரைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"இது என்னா, சொல்லுங்க."

சொன்னேன்.